ஆவா கேட்ட சோறு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்று என் கணவர் விக்னராஜா ஊரெல்லாம் சொல்லித் திரிவார். இப்படி ஒரு சோம்பேறியைக் கட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? ஒரு வேலை சொன்னால் "இந்தா செய்யிறன்" என்பார். அந்த "இந்தா" வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

எழுபத்தாறாம் ஆண்டு மெல்பேர்னில் எங்கள் பக்கத்து ஃபிளாட்டில் ஆவா இருந்தாள். செனகல் நாட்டுப் பெண். கணவன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். முதல் பிள்ளை வயிற்றில். எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. கன்னம் ஒட்டிப் போய்விட்டது. இனியும் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆங்கிலம் சரியாக வராமல் அங்கே தனியாகக் கிடக்க அவளுக்குப் பயம். தன் நாட்டு மீன்சோறு கிடைத்தால் சாப்பிடுவேன் என்று அழுதாள். பிள்ளைத்தாச்சி வாய்விட்டுக் கேட்டதைக் கொடுக்காமல் இருக்க என்னால் முடியுமா? படுத்தபடியே அவள் செய்முறை சொல்ல, கேட்டு வந்து எங்கள் குசினியில் சமைத்தேன்.

மீனைக் கீறி, உள்ளிப்பூண்டும் பார்சிலி இலையும் இடித்து அடைத்துப் பொரித்தேன். தக்காளிச் சாற்றில் அந்த மீனோடு கோவா, கரட், கத்தரிக்காய் என்று மரக்கறி எல்லாம் அவித்து எடுத்தேன். மிஞ்சிய சாற்றிலேயே குறுணல் அரிசியைப் போட்டு மூடினேன். அடுப்பைப் பார்க்கும்படி இவரிடம் சொல்லிவிட்டு முழுகப் போனேன். திரும்பி வந்தால் இவர் கதிரையில் சாய்ந்து ரேடியோவில் கிரிக்கெட் கேட்கிறார். குசினியில் தீய்ந்த மணம்.

அடுப்பை நிறுத்திவிட்டு இவரைத் திட்டித் தீர்த்தேன். அடிப்பிடித்த சோற்றை ஒருத்தர் கண்ணில் காட்டினால் என் மானம் கப்பலேறிவிடாதா? மேல்சோற்றைப் பக்குவமாக அள்ளி, மீனும் மரக்கறியும் வைத்து எடுத்துக்கொண்டேன். சட்டியில் தண்ணீர் ஊற்றி ஊற வைக்கும்படி இவருக்குச் சொல்லிவிட்டு ஆவாவிடம் போனேன்.

இரண்டு வாய் சாப்பிட்டாள். வயிற்றில் தங்கியது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பிறகு தட்டைக் கிளறி எதையோ தேடினாள்.

"சட்டியின் அடியில் ஒட்டியிருக்குமே, கறுத்த சோறு. அது எங்கே?" என்று தன் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஊரில் தன் வீட்டில் அதற்குத்தான் சகோதரங்கள் எல்லாம் தங்களுக்குள் அடிபடுவார்களாம். இத்தனை நாளும் நாக்கு கேட்டது அதைத்தானாம். சொல்லும்போதே கண் கலங்கி, தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். விழுந்தடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

சட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

"இந்தா செய்யிறன் பத்மா," என்றார் இவர், முகத்தைக்கூடத் திருப்பாமல்.

"ஒண்டும் செய்யவேண்டாம். அந்தக் கதிரையை விட்டு எழும்பாதேங்கோ, என்ர ராசா," என்றேன்.

அகப்பையால் சுரண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆவா முறுமுறுவென்று கடித்துத் தின்றாள். மீனையும் முடித்து, தட்டை வழித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்றாள். ஆஸ்பத்திரிப் பேச்சு அதோடு நின்றது.

பிள்ளை பிறக்கும்வரை சனிக்கிழமைதோறும் அதே சோறுதான். அடுப்பைப் பார்க்கிற வேலை இவருக்கு. கிரிக்கெட் இல்லாத நாளிலும் நானே ரேடியோவைப் போட்டு, கதிரையை இழுத்து வைத்துவிட்டு முழுகப் போவேன்.