இருபத்து மூன்று ஓட்டும் ஓர் இஸ்திரிப் பெட்டியும்

தென்கரணை இடைத்தேர்தலில் ஆளுங்கட்சி இருபத்து மூன்றே ஓட்டில் ஜெயித்ததால், ஓட்டுக் கேட்க வந்தபோது கையில் எடுத்த எதையும் அமைச்சர்களால் கீழே வைக்க முடியவில்லை. தொகுதி எல்லையைத் தாண்டவும் முடியவில்லை. அந்தத் தொகுதியில் அது வழக்கம்தான். தோற்றால் கை விட்டுவிடும். ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம் வந்தாலும் விட்டுவிடும். இழுபறியில் ஜெயித்தால் மட்டும் விடாது.

பரோட்டா தட்டியவர் மாவு உருண்டையோடு கடையிலேயே நின்றார். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியவர் குழந்தையோடு நின்றார்; பால் கொடுக்க அதன் அம்மா வேளாவேளைக்கு வந்துபோனாள். குடிநீர் அமைச்சர் தணிகைநாதன் கையில் தனபாக்கியத்தின் இஸ்திரிப் பெட்டி இருந்தது.

தனபாக்கியம் பூவரசந்தெரு முனையில் தள்ளுவண்டி போட்டு இருபது வருஷமாக இஸ்திரி போடுகிறவள். ஓட்டுக் கேட்டு வந்த அன்று, "குடும்மா, நம்ம வீட்டு வேலைதானே" என்று பெட்டியைப் பிடுங்கி, படம் எடுத்து முடிகிறவரை ஒரு சட்டையைத் தேய்த்தார் அமைச்சர். சட்டை பொசுங்கிவிட்டது.

"சட்டை கெடக்கட்டும்ணே. குழாயில சாக்கடை கலந்து வருது. எம்பொண்ணு கயல்விழி மஞ்சக்காமாலையில ஆஸ்பத்திரியில கெடக்கா. திரும்பி வந்து இதே தண்ணியத்தான் குடிக்கணுமா?"

"எண்ணி முடிச்ச மறுநாள் புதுக் குழாய்க்குப் பள்ளம் தோண்டலேன்னா, ஏன்டான்னு கேளும்மா என்னைய."

அவளும் நம்பி ஓட்டைப் போட்டாள்.

எண்ணி முடித்த மறுநாள் போய்க் கேட்டாள். குழாய் உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டிய கையில் பெட்டி இருக்கிறதே என்றார். சரி, இடது கையால் போடுங்கள் என்றாள். போட்டார். இடது கைக் கையெழுத்து செல்லாது என்று நகராட்சி அந்தக் காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது.

தனபாக்கியத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியும் போச்சு, குழாயும் வந்தபாடில்லை. இந்த மனுஷனோ அவளுடைய வண்டிக் குடை நிழலில் நின்றுகொண்டு, ஜீப்பில் வந்த கேன் தண்ணீரை அண்ணாந்து குடிக்கிறார்! எந்த வயிறுதான் எரியாது?

"யோவ், எம்பெட்டியப் புடிச்சிக்கிட்டு சும்மா நிப்பியா நீ? தேய்!"

பெட்டிக்குள் கரியை அள்ளிப் போட்டு ஊதிவிட்டாள். அவர் தேய்த்தார். பள்ளிக்கூடச் சீருடை, தாசில்தார் வேட்டி, கல்யாணப் பட்டு, எல்லாவற்றையும் வரிசையாகப் பொசுக்கினார். பொசுங்கியதையே உடுத்திக்கொண்டு ஜனங்கள் வேலைக்குப் போனார்கள். மாலையில் தனபாக்கியம் ஆஸ்பத்திரிக்குப் போவாள். கயல்விழியின் கண் மஞ்சள் வெளிறிக்கொண்டு வந்தது. நன்றாகத் தேறியதும் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், ஆனால் அந்தத் தண்ணீர் ஒரு வாய்கூட ஆகாது என்றார் டாக்டர்.

இந்த இருபத்து மூன்று ஓட்டு கட்சிக்கு என்ன சொல்கிறது என்று ஆராயத் தலைநகரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பூவரசந்தெருவிலும் காரில் ஒரு சுற்று வந்தார்கள். கண்ணாடியை இறக்கவில்லை, நாற்றம். "மக்கள் நம் மீது வைத்த பாசம் அளவற்றது. அதனால்தான் நம்மை விட மறுக்கிறார்கள்" என்று அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். பாசமாம்! தலைமை அதைப் படித்துப் பார்த்துவிட்டு, ஜெயித்த எம்.எல்.ஏ.வை ராஜினாமா செய்யச் சொன்னது. இடம் காலியானால் கையும் காலியாகிவிடும் அல்லவா.

ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட நிமிஷத்தில் பெட்டி ணங்கென்று வண்டியில் விழுந்தது. தனபாக்கியம் காகிதத்தோடு ஓடினாள்.

"அண்ணே, இப்பத்தான் கை வந்துருச்சே! ஒரே ஒரு கையெழுத்து!"

அவர் வலது கையை உதறிக்கொண்டே காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். தனபாக்கியம் கரியை அள்ளிக் கார்மேல் வீசினாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். கார் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது.

மறுபடியும் இடைத்தேர்தல் வந்தது. இந்தத் தடவை யாரும் எதையும் கையில் எடுக்கக் கூடாது, கும்பிடு மட்டும்தான் என்று கட்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. அத்தனை அமைச்சர்களும் கூப்பிய கையோடு வீடு வீடாக வந்தார்கள். தணிகைநாதன் தனபாக்கியத்தைப் பார்த்து முதன்முதலாகப் பார்க்கிறவர் போலக் கும்பிட்டார்.

அன்றைக்கு அவள் தெருவையே குழாயடியில் கூட்டினாள்.

"தோக்கடிச்சா ஓடிருவானுங்க. அமோகமா ஜெயிக்க வச்சாலும் ஓடிருவானுங்க. மயிரிழையில ஜெயிக்க வைக்கணும்."

"அவனுங்களுக்கா ஓட்டுப் போடச் சொல்றே?" என்று பக்கத்து வீட்டு மும்தாஜ் கேட்டாள்.

"ஆசையாவா போடச் சொல்றேன்? அளந்து போடச் சொல்றேன்."

யார் யார் இந்தப் பக்கம், யார் யார் அந்தப் பக்கம் என்று தலையை எண்ணிப் பிரித்துக்கொண்டார்கள். விஷயம் தெரிந்து மற்ற தெருக்களும் அதேபோலப் பிரித்துக்கொண்டன. தனபாக்கியம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆளுங்கட்சிச் சின்னத்தில் அமுக்கினாள்.

ஒன்பது ஓட்டில் ஜெயித்தார்கள். வேட்டுச் சத்தம் ஓய்ந்தபோது பேருந்து நிலையத்தில் வெற்றி வேனில் நின்ற தணிகைநாதனுக்குக் கூப்பிய கை பிரியவில்லை. மற்றவர்களுக்கும் பிரியவில்லை.

மறுநாள் காலையில் தனபாக்கியம் இரண்டு குடங்களைக் கயிற்றில் கட்டி எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனாள். அவர் அங்கேதான் நின்றிருந்தார். கூப்பிய கையின் இருபக்கமும் பக்கத்துக்கு ஒரு குடமாக மாட்டினாள். கும்பிட்டபடி இருக்கிறவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

"மேட்டுல உங்க பயணியர் மாளிகைக் குழாயில மட்டும் கண்ணாடியாட்டம் தண்ணி வருதே, அங்க. நட."

அவர் நடந்தார். மாளிகைக் காவல்காரர் நிரப்பிவிட்டார். முதல் நடைத் தண்ணீர் வந்து சேர்ந்தபோது கயல்விழி ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். தனபாக்கியம் சொம்பில் மொண்டு முகர்ந்து பார்த்தாள். நாற்றமில்லை. மகளிடம் நீட்டினாள். அவள் குடித்து முடிக்கும்வரை அமைச்சர் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"என்ன நிக்கிறே? தெருவுல இன்னும் நாப்பது வீடு இருக்கு" என்றாள் தனபாக்கியம்.

அடுத்த வாரம் நகராட்சியிலிருந்து ஓர் ஊழியர் வந்தார். அமைச்சரின் சட்டை முதுகில் நீல வண்ணத்தால் குடிநீர் இணைப்பு எண்ணை எழுதினார். ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புப் பணி, தண்ணீர் வராது என்றார்.

"ஞாயித்துக்கிழமையும் வரும்" என்று சொல்லிவிட்டு, தனபாக்கியம் பெட்டியில் கரியைப் போட்டு ஊதினாள்.