பூட்ஸோடு அளந்த இருநூறு பிள்ளைகள்

ஜிஸ்மிக்கு விளையாட்டு ஹாஸ்டலில் இடம் கிடைக்க வேண்டுமானால் ஊதிப் பார்க்கும் மெஷினில் எண்பது வர வேண்டும். அதாவது, இந்த உயரத்துக்கு இவ்வளவு காற்று என்று டாக்டர்களின் புத்தகம் கேட்பதில் நூற்றுக்கு எண்பது. அவளுக்கு வந்தது எழுபத்தேழு. எண்பதுக்குக் கீழே போனால் நுரையீரலில் கோளாறு என்று புத்தகம் சொல்கிறதாம். உடும்பஞ்சோலை மேட்டில் மூச்சிரைக்காமல் ஓடி ஏறுகிற பெண்ணுக்கா கோளாறு? அவள் அம்மா மதலேனம்மாளுக்கு வயிறெரிந்தது. ஆனால் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள் சொன்னால் எவன் காதில் ஏறும்?

தோட்டத்து டாக்டர் ஸ்ரீஜா ஒருத்தி காதில் மட்டும் ஏறியது. வாளையார்க்காரி, கறார் பேர்வழி.

"ஏனுங்க்கா, அந்தக் கணக்கு எந்தூருப் பிள்ளைகளையோ ஊத வெச்சு எழுதினதுங்க. நம்ம பிள்ளைகளுக்குப் பொருந்துதான்னு நான் பாத்துப்போடறனுங்க."

சொன்னபடி செய்தாள். மழையில் ஜீப்பேறி, பள்ளி பள்ளியாகப் போய், நோய்நொடி இல்லாத இருநூறு பிள்ளைகளை ஊத வைத்தாள். பாதிப்பேர் எண்பதுக்குக் கீழே! அத்தனை பேருக்குமா கோளாறு? பொருந்தாதது புத்தகம்தான். ஜிஸ்மிக்கு இடம் கிடைத்த மாதிரிதான் என்று மதலேனம்மாள் மாதாவுக்கு மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டாள்.

அளவெடுப்பின் கடைசி நாளன்று லீவு போட்டுவிட்டு அவளும் பள்ளிக்குப் போனாள். கம்பவுண்டர் ஜின்சன் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி உயரம் குறித்துக்கொண்டிருந்தார். எல்லாக் காலிலும் ரப்பர் பூட்ஸ். மழைக்காலத்தில் அதைக் கழற்றினால் காலில் அட்டைப்பூச்சி ஏறும், அம்மாவிடம் அடியும் விழும். ஜின்சனும் மலைக்காரர், அவர் கண்ணுக்கு அது தப்பாகவே படவில்லை.

"டாக்டரம்மா, பூட்ஸோடயா அளக்கீக? ரெண்டு விரக்கடை கூடுமேம்மா!" என்று மதலேனம்மாள் கேட்டுவிட்டாள்.

மெஷின் முன்னால் இருந்த ஸ்ரீஜா எழுந்து வந்து பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

"உயரம் கூடினா புஸ்தகம் காத்தையும் கூடக் கேக்குமுங்க. அதனாலதான் இத்தனை பேரு கீழ வந்தாங்களோ என்னமோ. ஜிஸ்மிய ஆஸ்பத்திரியில வெறுங்காலோட அளந்தாங்க. இவங்களையும் அப்படி அளந்தா, அவளுக்குச் சாதகமா ஒண்ணுமே மிஞ்சாமப் போனாலும் போகுமுங்க்கா."

மதலேனம்மாளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பெற்ற பிள்ளை சோற்றில் தானே மண்ணைப் போட்டுவிட்டாளே! மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம், மூடி வைத்தால் முடிந்தது. ஸ்ரீஜா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "நான் பாத்திருக்கோணும், தப்பு என்னோடதுங்க" என்று சொல்லி, நோட்டில் இருந்த உயரம் முழுவதையும் சிவப்பு மையால் அடித்தாள். இப்படியும் ஒரு மனுஷி! மதலேனம்மாள் அழுதாள். அழுதுகொண்டே முதல் பிள்ளையின் பூட்ஸைக் கழற்றினாள்.

மூன்று வாரம் பள்ளி பள்ளியாகத் திரும்ப அலைந்தார்கள். அட்டை ஏறாமலிருக்கப் பிள்ளைகளின் வெறுங்காலுக்கு உப்புத்தண்ணீர் தடவிவிட்டவள் மதலேனம்மாள். கணக்குப் போட்டபோது, பாதியாக இருந்தது ஐந்தில் ஒன்றாய் இறங்கியிருந்தது. ஆனாலும் ஐந்தில் ஒரு நல்ல பிள்ளையை நோயாளி என்கிற புத்தகம் அந்த மலைக்கு ஆகாது. முதல் அளவு தவறிப்போன கதையையும் மறைக்காமல் எழுதி, ஸ்ரீஜா ஹாஸ்டலுக்கு அனுப்பினாள். தன் தப்பைத் தானே எழுதுகிற டாக்டரை நம்பலாம் என்றார்களாம் அங்கே. ஜிஸ்மிக்கு இடம் கிடைத்தது.

அறிக்கையின் நகல் ஒன்று வீட்டுக்கும் வந்தது. ஜிஸ்மி கடைசிப் பக்கத்தை விரல் வைத்து வாசித்தாள்: "உயரப் பிழையைக் கண்டறிந்தவர்: மதலேனம்மாள், ஏலத்தோட்டத் தொழிலாளி, உடும்பஞ்சோலை."

மதலேனம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொருக்கா வாசிடி."