மாடிக்குப் போகும் சூடு

அலுவலகத்தில் அவனுக்கு அரைநிமிஷம் என்று பெயர். எந்த வேலையைக் கொடுத்தாலும் அதில் அரை நிமிஷத்தையாவது குறைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். பேருந்துகளுக்கு நேர அட்டவணை போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகம் அது. பின்னறையில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். காலை எட்டு மணிக்குக் கணக்குப் போட ஆரம்பித்தால் சாயங்காலம் ஆறு வரை ஓயாது. வெளியே பனி கொட்டினாலும் அந்த அறையில் நின்றால் வேர்த்து ஊற்றும்.

அதே கட்டடத்தின் மேல்மாடி அறையில் அவனுடைய அக்காவும் அத்தானும் குடியிருந்தார்கள். அத்தானுக்குப் பக்கவாதம் வந்து இடது கை மடங்கிப்போயிருந்தது. மனுஷர் இடதுகைக்காரர் வேறு. முன்பெல்லாம் மண்டையில் ஒரு தட்டுத் தட்டாமல் மச்சினனிடம் பேசவே மாட்டார். அதுவும் அந்தக் கையால்தான்.

"அறை கதகதப்பா இருந்தாதான் விரல் விரியும். இந்தக் குளிர்காலத்துக்குள்ள விரியலைன்னா அப்புறம் கஷ்டம்," என்று கைப்பயிற்சி கொடுக்க வரும் அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார். சுவரில் இருந்த ஹீட்டரோ பேருக்குத்தான்.

அரைநிமிஷம் முதலாளியிடம் கேட்டு, கம்ப்யூட்டர் அறைச் சூட்டை ஒரு தகரக் குழாய் வழியாக மாடிக்கு ஏற்றிவிட்டான். இரண்டே வாரத்தில் அத்தானின் கட்டைவிரல் அசைந்தது. அக்காவும் மாடியில் இருந்தபடியே அலுவலக நிலவரம் சொல்ல ஆரம்பித்தாள். "இன்னைக்கு உங்களுக்கு வேலை ஜாஸ்தி போல. இவரு ஸ்வெட்டரையே கழட்டிட்டாரு."

இவன் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அரைநிமிஷம் என்று பெயர் ஏன் வருகிறது? கணக்குப் போடும் புரோகிராமைப் பிரித்து மேய்ந்து, பத்து மணி நேர வேலையை ஒன்றரை மணி நேரத்தில் முடிக்க வைத்துவிட்டான். முதலாளி எல்லார் முன்னாலும் கை கொடுத்தார். பையனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் அக்கா படியில் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பா வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. அதையும் வழித்துத் தின்றானே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் நல்ல சேதியைச் சொல்ல மாடி ஏறினான். அறை சில்லிட்டுக் கிடந்தது. அத்தான் இரண்டு போர்வைக்குள் இருந்தார். இடது கை முஷ்டியாக இறுகியிருந்தது.

"குழாய் அடைச்சுக்கிச்சா?"

"குழாய்ல ஒண்ணுமில்ல," என்றாள் அக்கா. "எட்டு நாளா ஒன்பதரைக்கே சூடு நின்னுடுது. ஆபீஸ்ல வேலை இல்ல, உன்னை நிறுத்திடுவாங்கன்னு நெனச்சோம். நீயா சொல்ற வரைக்கும் கேக்க வேணாம்னு இருந்தோம்."

அவனுக்கு வெட்கமாக இருந்தது. முஷ்டியைப் பிரிக்கப் பார்த்தான், பிரியவில்லை. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாகிவிட்டது. கொண்டுவந்த சேதியைச் சொல்லாமலே இறங்கினான்.

"பழைய புரோகிராமையே திரும்பப் போட்டுடவா?" என்று முதலாளியிடம் கேட்டான்.

"நல்லா ஓடுறதைக் கெடுக்கறேங்கற. எதுக்கு?"

சொன்னான். முதலாளி கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "அடுத்த வருஷ அட்டவணை எப்படியும் போட்டாகணும். இப்பவே ஆரம்பி. ஒரு பஸ்ஸுக்கு ஆயிரம் விதமா போட்டுப் பாரு. அவசரமில்ல."

அவசரமில்லை என்று அந்த வாயிலிருந்து அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாளிலிருந்து ஆறு மணி வரை சூடு ஏறியது. "வேலை வந்துடுச்சு," என்று மட்டும் மாடியில் சொல்லிவைத்தான். அக்கா அன்றைக்கே டப்பாவை இளைக்க வைத்துவிட்டாள்.

குளிர்காலம் முடிய இன்னும் ஒரு வாரம்தான் என்றிருந்தபோது அவனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"வேலை இல்லாம இல்ல அத்தான். நான்தான் சீக்கிரம் முடிக்க வச்சேன். சூடு நின்னது என்னாலதான்."

அத்தான் தலையை அசைத்துக் கூப்பிட்டார்.

"கிட்ட வா மச்சான்."

போர்வைக்குள்ளிருந்து இடது கை கிளம்பியது. நடுங்கியது, பாதியில் நின்றது, மறுபடி ஏறியது. அவன் தலையைக் குனிந்துகொண்டு அப்படியே காத்திருந்தான். கை வந்துசேர முழுசாக அரை நிமிஷம் பிடித்தது. ஐந்து விரலும் தனித்தனியாக அவன் மண்டையில் விழுந்தன.