கட்டாமல் விட்ட கால்

1

"சம்மனசுங்க நிறுத்தாம பாடிக்கினே இருந்தா சாமிக்குக் காது வலிக்காதா, டீச்சர்?"

கேட்டவள் ஸ்டெஃபனி. நெல்லித்தோப்புக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிறுபிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருகிறேன். பல் விழுந்த இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டே அவள் இதைக் கேட்டாள். மோட்சத்தில் சம்மனசுகள் என்ற தேவதூதர்கள் ஓயாமல் பாடுகிறார்கள் என்று நான் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன்.

"வலிக்காது" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எல்லாரையும் எழுந்து நின்று கண்ணை மூடி ஜெபிக்கச் சொன்னேன். பதில் தெரியாதபோது கைகொடுக்கும் இந்த வசதி வேறு எந்த வாத்தியாருக்கும் கிடையாது.

இந்தக் கதை அங்கே பிறந்தது. ஓயாத சத்தம் ஒன்று ஒரே ஒருவருக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால்? ஆண்டவரை விட்டுவிடுவோம், அவருக்கு ஆறுதல் சொல்ல ஆட்கள் நிறைய. நெல்லித்தோப்பில் ஒரு மாடியில் தனியாக இருக்கும் மனிதருக்குக் கேட்டால்?

2

முதல் தொடக்கம்: "கடற்கரைச் சாலையில் அலைகள் பாறைகளில் மோதிச் சிதறிய அந்த மாலையில் தொமினிக் தன் தனிமையை—"

வேண்டாம். புதுச்சேரி என்றாலே கடலைக் கூப்பிட்டு நிறுத்தும் பழக்கம் எனக்கும் இருக்கிறது. தொமினிக்கின் மாடியிலிருந்து கடல் தெரியாது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும்.

இரண்டாவது தொடக்கம்: "தொமினிக் ஒரு சொல்தா."

இது பரவாயில்லை. (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை இங்கே சொல்தா என்போம். நேரில் முசே என்போம். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வோம் என்பதை ஞானோபதேச டீச்சர் எழுதக் கூடாது.)

பீரங்கிப் பயிற்சி ஒன்றில் அவருடைய இடது காதுக்குள் ஒரு சத்தம் நுழைந்தது. அது திரும்பிப் போகவில்லை. ஊசி முனை போன்ற மெல்லிய இரைச்சல். சாப்பிடும்போதும், பூசை காணும்போதும், பல் துலக்கும்போதும் நிற்காது. டாக்டர்கள் விளக்கடித்துப் பார்த்து, காதில் ஒன்றும் இல்லை என்றார்கள். "நீ நெனைக்கறதாலதான் அது கேக்குது" என்றாள், பிறகு இறந்துபோன அவர் மனைவி ஓதெத். நல்ல பெண்தான். கேட்காத ஒன்றைக் கேட்டதாகச் சொல்லத் தெரியாதவள், அவ்வளவுதான்.

சத்தம் நிற்க வேண்டும் என்ற ஆசையைத் தொமினிக் எப்போதோ விட்டுவிட்டார். இப்போது அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்தச் சத்தத்தை இன்னொருவர், ஒரு தடவையாவது கேட்க வேண்டும்.

அதனால் அவர் டப்பா செய்கிறார்.

3

டப்பா என்றால் பிஸ்கட் டப்பா. உள்ளே பேட்டரி, ஸ்பீக்கர், வரிசையாகத் திருகும் குமிழ்கள், நடுவில் பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால்கள் நீட்டிய ஒரு கறுப்புச் சிப்.

சிப்பின் வேலை எளிது. 'ஆம்' என்று சொல்லி அனுப்பினால் 'இல்லை' என்று திருப்பி அனுப்பும். 'இல்லை' என்றால் 'ஆம்' என்னும். இப்படி எதிர்ப்பேச்சுப் பேசுகிற ஆறு பேர் ஒரே சிப்புக்குள் குடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் சொல்வதைச் சற்றுத் தாமதித்து அவன் காதிலேயே ஊதினால் அவன் தன்னையே மறுக்க ஆரம்பித்துவிடுவான். ஆம், இல்லை, ஆம், இல்லை என்று மூச்சுவிடாமல் புலம்புவான். அந்தப் புலம்பலை ஸ்பீக்கரில் விட்டால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். குமிழைத் திருகினால் புலம்பல் வேகமாகும். சத்தம் மேலே ஏறும். எங்கள் கோயில் பங்குப் பேரவைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

[எழுதுவதற்காக நானும் ஒரு சிப் வாங்கினேன். பேட்டரியைத் தலைகீழாக மாட்டியதில் புகை வந்தது. தூபம் போட்டேன் என்று வீட்டில் சொன்னேன். நம்பவில்லை.]

தொமினிக் ஐந்து பேரைப் புலம்ப வைத்து, ஐந்து சத்தங்களையும் கலந்து, காதில் இருப்பதற்கு ஏறக்குறையப் பக்கத்தில் வந்துவிட்டார். ஆறாமவனுக்கு வேலை இல்லை. எனவே அவனுக்குக் காதாக இருக்கும் காலை எதிலும் கட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்.

[இந்த வரியை நான் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். நீங்களும் கவனிக்காதது போல இருங்கள். தொமினிக்கும் கவனிக்கவில்லை.]

4

கீழ்வீட்டில் அஞ்சலாட்சி. தையற்காரி. ஜன்னலோரம் மோட்டார் வைத்த மெஷின். மோட்டார் ஓடும்போதெல்லாம் மாடியில் டப்பா ஒரு மாதிரி உறுமும். தொமினிக் பாடுபட்டுச் சேர்த்த சத்தம் கலைந்துவிடும். பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் இறங்கி வந்துவிட்டார்.

"அஞ்சலாட்சி, ஒம் மெஷின் சத்தம் எனக்குத் தொந்தரவா இருக்குது."

அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். "இன்னா சொன்னீங்க?"

"மெஷின். மேல என் டப்பாவுல வந்து கலக்குது."

"முசே, நீங்க குடிவந்ததுல இருந்து மேல கோழிய உசுரோட உரிக்கற மாதிரி சத்தம் உடறீங்க. ஒரு வார்த்த கேட்டனா நானு? துணி குடுக்க வர்றவங்க கேட்டா, முசே புதுசா மாவு மில்லு போட்டிருக்காருன்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்ப நீங்க எறங்கி வந்து என் சத்தம் தொந்தரவுன்றீங்க!"

"காதுக்குத் தொந்தரவுன்னு சொல்லல. டப்பாவுக்கு. காத்து வழியா வருது."

"அப்ப ஜன்னல சாத்துங்க."

"அந்தக் காத்து இல்ல. இது கரண்டு சமாச்சாரம்."

"எனக்கு அதெல்லாம் புரியாது. ஒங்களுக்கு இன்னா வேணும், அதச் சொல்லுங்க."

டாக்டர்கள் கூட அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. தொமினிக் மெஷின் பலகையைப் பிடித்துக்கொண்டார். காதில் இருப்பதைச் சொன்னார். "யாருக்காவது ஒரு தடவ கேக்க வெச்சிடணும். கிட்ட வந்துட்டேன். ஒம் மோட்டாரு ஓடுனா போயிடுது."

அஞ்சலாட்சி வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்தாள்.

"சனிக்கெழம மத்தியானம் நிறுத்தறேன். காஜா, எம்மிங்லாம் கைல போட்டுக்கறேன். அதுக்கு மேல கேக்காதீங்க. பாக்கியலட்சுமி அம்மா வூட்டுக் கல்யாண ரவிக்க மொத்தமும் இங்கதான் கெடக்குது."

5

சனிக்கிழமை மத்தியானம் மோட்டார் நின்றது. தொமினிக் குமிழ்களைத் திருகினார். கொஞ்சம் மேலே; இல்லை, கொஞ்சம் கீழே. ஒரு கட்டத்தில் வெளியே கேட்பது எது, உள்ளே கேட்பது எது என்று தெரியாமல் போயிற்று. டப்பாவை நிறுத்திப் பார்த்தார். அதே சத்தம். போட்டுப் பார்த்தார். அதே சத்தம்.

"அஞ்சலாட்சீ!"

ஊசியைச் சேலை முந்தியில் குத்திக்கொண்டு மாடிக்கு வந்தாள். கேட்டாள்.

இந்த இடத்தில் அவள் பேசுவதற்காக ஒரு வசனம் எழுதினேன்: "முசே, ஒவ்வொரு மனுஷனும் தனக்குள்ள ஒரு சிலுவைய—"

அடித்துவிட்டேன். அஞ்சலாட்சி ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். சிலுவை என்னுடையது, அதை அவள் தோளில் ஏற்றப் பார்த்தேன்.

உண்மையில் அவள் முகத்தைச் சுளித்தாள். "நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினார்.

"ஒங்களுக்கு நின்னுச்சா?"

"இல்ல."

"தூங்கறப்பகூடவா?"

தொமினிக் ஆமென்று தலையசைத்தார்.

"இத்த வெச்சிக்கினா முசே, தெனம் காலைல சிரிச்சிக்கினே எனக்கு போன்ழூர் சொல்றீங்க?"

அவள் இறங்கிப் போய்விட்டாள். தொமினிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காதில் இரைச்சல் இருந்தது. ஆனால் முதல்முறையாக அது இன்னொருவரும் அறிந்த சத்தம்.

6

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். எனக்கும் ஆசைதான். ஆனால் சனிக்கிழமை நிறுத்திய வேலை எங்கே போகும்?

அதை ஈடுகட்ட அஞ்சலாட்சி திங்கட்கிழமை மோட்டாரை விடாமல் ஓட்டினாள். பாக்கியலட்சுமி கல்யாண ரவிக்கைகளைப் பார்க்க வந்து, கேட்டில் நின்று கூப்பிட்டாள். கொக்கியை ஆட்டினாள். கீழே மோட்டார், மேலே டப்பா. யாருக்கும் கேட்கவில்லை. கோபத்தோடு போனவள், மறுநாள் ஆள் அனுப்பித் தைத்ததையும் தைக்காததையும் வாங்கிக்கொண்டு கருவடிக்குப்பத்தில் வேறொரு தையற்காரியிடம் கொடுத்துவிட்டாள்.

"போவுது போ. கண்ணுக்கு ரெஸ்ட்டு" என்று அஞ்சலாட்சி காலி மேசையைத் துடைத்தாள். அப்போது படியில் நின்றிருந்த தொமினிக்குக்குக் கேட்டது.

மாடிக்கு வந்து, சத்தத்தைக் குறைத்து வைத்திருந்த டப்பாவை எடுக்கக் கையை நீட்டினார். தொடுவதற்கு முன்பே அது முனகியது. கையை இழுத்தார், அடங்கியது. மூடியைக் கழற்றிப் பார்த்தார். ஆறாமவனின் கால் எதிலும் சேராமல் அந்தரத்தில் நின்றது. எதிலும் கட்டாத கால் காற்றில் வருவதையெல்லாம் கேட்கும்: கையை, விளக்கை, கீழ்வீட்டு மோட்டாரை. ஒருவன் உளறினால் ஒரே சிப்பில் குடியிருக்கும் மற்ற ஐவரும் தடுமாறுவார்கள். சிப்பைக் கையில் எடுத்தவர்கள் முதலில் கற்கும் பாடம் இது. தேவையில்லாதவன்தானே என்று விட்டிருந்தார்.

துண்டுக் கம்பியால் அந்தக் காலைப் பேட்டரியின் மைனஸ் முனையோடு கட்டினார். கீழே யாருடைய கிழிசலுக்கோ மோட்டார் ஓடியது. டப்பா சட்டை செய்யவில்லை.

அவள் மோட்டாரை நிறுத்தியிருக்கவே வேண்டாம்.

இவர் ஏன் நேராகப் போய்ச் சொல்லவில்லை என்று எனக்கும் சந்தேகம். பல வரைவுகளில் அவரைப் படியிறக்கிப் பார்த்தேன். நடுப்படியில் நின்றுவிடுகிறார். முதலில் இதைக் கர்வம் என்று எழுதினேன். பிறகு புரிந்தது: சொன்னால் அவள் "பரவால்ல முசே" என்பாள். ஏற்கெனவே கொடுத்தவளிடம் மன்னிப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டு மாடி ஏற அவருக்கு மனம் வரவில்லை.

7

முடிவுகள்.

ஒன்று: இருவரும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். என் தங்கை நிர்மலா சொன்னது. அவள் பார்க்கும் எல்லாக் கதையையும் மண்டபத்தில்தான் முடிப்பாள்.

இரண்டு: வெள்ளைக்காரர் தெருவில் ஓர் அரங்கில் தொமினிக் டப்பாவை வாசிக்க, எல்லாரும் எழுந்து நின்று— யாருக்காக இந்தக் கைதட்டல்? அஞ்சலாட்சியின் மேசை காலியாகவே கிடக்கிறதே.

மூன்று: இரைச்சல் திடீரென்று நின்றுவிடுகிறது. ஒரு பத்தி எழுதியும் விட்டேன். அற்புதம் செய்வது என் இலாகா இல்லை. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோணியாரிடம் முடிவைத் தேடித் தரும்படி ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். மெழுகுவத்தி அணைந்தது. கதைக்கு வேண்டியது சத்தம் இல்லை, எரிகிற ஒரு விளக்கு என்று அப்போது தோன்றியது. இதை வேண்டுதல் பலித்த கணக்கில் சேர்ப்பதா என்று பங்குச் சாமியாரிடம் கேட்கவில்லை.

ஸ்டெஃபனியிடம் மட்டும் அடுத்த வாரம் சொன்னேன்: "சாமிக்குக் காது வலிக்குதான்னு நாம போய்க் கேட்டிருக்கணும்."

"கேட்டா போதுமா, டீச்சர்?" என்றாள்.

8

வெள்ளிக்கிழமை காலை. அஞ்சலாட்சி கோயிலுக்குப் போயிருக்கிறாள். தொமினிக் ஒரு கடலைமிட்டாய் டப்பாவோடு இறங்கி வருகிறார்.

இது ஸ்பீக்கர் இல்லாத டப்பா. அவர் செய்த டப்பாக்களில் சத்தமே போடாதது இது ஒன்றுதான். உள்ளே ஒரு சிப். ஒரு காலைக்கூடக் கட்டாமல் விடவில்லை. அதை ஜன்னல் கம்பியில் மாட்டுகிறார். சின்ன விளக்கு, மெஷினைப் பார்த்தபடி. அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி சுவரோரமாகக் கேட் வரை ஓடுகிறது. யாராவது கொக்கியைத் தூக்கினால் விளக்கு கண்சிமிட்டும். மோட்டார் எவ்வளவு இரைந்தாலும் தைக்கிற கண்ணுக்குத் தெரியும். கூப்பிட வந்தவர் இனித் திரும்பிப் போக வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்தது. சோதித்துப் பார்க்க வேண்டும். ஜன்னலில் நின்றால் கேட்டுக்குக் கை எட்டாது; கேட்டில் நின்றால் விளக்கு தெரியாது. உதவிக்கு ஆள் கூப்பிட்டால் தெரு முழுக்கச் செய்தி. தொமினிக் ஜன்னலோரம் நின்று விளக்கையே பார்க்கிறார். கோயிலிலிருந்து அவள் வரும் நேரமாகிறது.

நாம் இங்கே நிற்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் கழற்றிக்கொண்டு மேலே போய்விடுவார். எனக்கும் இதற்குமேல் பார்ப்பது முறையில்லை என்று படுகிறது. நான் எழுதுவதை நிறுத்துகிறேன்.

வெளியே போக ஒரே வழிதான், கேட். நீங்கள் முன்னால் போங்கள். கொக்கியை மெதுவாகத் தூக்குங்கள். ஒரு கணம் அப்படியே பிடித்திருங்கள். விளக்கு எரிந்ததா என்று மட்டும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.