போனில் சொன்ன பாஸ்வேர்டு

மூலக்குளத்தில் இருக்கும் அந்த ஸ்கேன் சென்டரில் யாராவது பென்டிரைவோடு கம்ப்யூட்டர் பக்கம் போனால் அமுதவல்லிக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிடும். அங்கே எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அவள்தான் காவல். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் அவளே எழுதி ஒட்டிய அட்டை ஒன்று உண்டு: ‘பாஸ்வேர்டைப் போனில் யாருக்கும் சொல்லக் கூடாது. முதலாளிக்கும்தான். சொல்லிவிட்டால் அன்றைக்கே மாற்ற வேண்டும்.’

வீட்டிலும் இதே ராஜாங்கம். அவள் புருஷன் எழிலரசன், முத்தியால்பேட்டையில் அக்கம்பக்கத்தார் எந்தப் பென்டிரைவை நீட்டினாலும் வாங்கிக் கம்ப்யூட்டரில் சொருகிவிடுவான். அதனால் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் ‘வூடு’ என்று பெயர் வைத்து, இருந்த இடத்திலிருந்தே கவனிக்க ஆபீஸ் கம்ப்யூட்டர்களோடு சேர்த்துக்கொண்டாள். அதில் எதை மாற்றவும் கேட்கும் அட்மின் பாஸ்வேர்டை அவனுக்குச் சொன்னதே இல்லை. “என்னை முந்தானையில முடிஞ்சது போதாதுன்னு கம்ப்யூட்டரையும் முடிஞ்சுக்கினா” என்று அவன் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அன்று காலை ஒரு எச்சரிக்கை வந்தது. கம்ப்யூட்டரை இயக்கும் கெர்னலில், யூஎஸ்பி வழியாக நெட் கொடுக்கும் டிரைவர் என்ற துணை நிரலில் ஓட்டை. கெட்ட எண்ணத்தோடு செய்த, பென்டிரைவ் போன்ற ஒரு குச்சியைச் சொருகினால் போதும், கம்ப்யூட்டர் படுத்துவிடும். அடுத்தவன் கைக்கே போனாலும் போகும். ஓட்டையை அடைத்த புதுக் கெர்னலும் வந்திருந்தது. ஆனால் அதைப் போட்டால் கம்ப்யூட்டரை நிறுத்தி எழுப்ப வேண்டும். வெளியே வெறும் வயிற்றோடு நோயாளிகள் காத்திருக்கும்போது யார் நிறுத்துவார்கள்? சாயங்காலம் வரை அந்த டிரைவரையே பூட்டி வைப்போம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளையாக அனுப்பினாள். திரையில் எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் பச்சைப் புள்ளி நின்றது. ‘வூடு’ மட்டும் தொடர்பு அறுந்து சிவப்பாகிவிட்டது.

அமுதவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் இருப்பது பழைய கம்ப்யூட்டர், வைஃபை கிடையாது. எழிலரசனின் போனை யூஎஸ்பி ஒயரில் மாட்டினால்தான் நெட் வரும். அவள் பூட்டியது அந்த வழியைத்தான். இங்கிருந்து திறக்கலாமென்றால், உள்ளே போகவும் அந்த ஒரே வழிதான். வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து வேலை தேடி அலைந்தவனுக்கு ஒரு துணிக் கம்பெனி இன்றுதான் தேர்வு வைத்திருந்தது. கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், அதுவும் இன்னும் சற்று நேரத்தில். திருடனுக்குப் பூட்டப் போய்ப் புருஷனைப் பூட்டிவிட்டாள் மகராசி.

போன் அடித்தது.

“அமுதா, நெட்டு போயிடுச்சு.” குரல் ஒடுங்கியிருந்தது. “எனக்கு ராசி அவ்வளவுதான். விடு, அடுத்தது பாத்துக்கலாம்.”

“ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தாங்க பூட்டிட்டேன். வூட்டு ஞாபகமே வரல. நான் சொல்ற மாதிரி செய்ங்க.”

பூட்டை நீக்கும் கட்டளையை அவள் சொல்லச் சொல்ல அவன் அடித்தான்.

“பாஸ்வேர்டு கேக்குதே.”

அமுதவல்லி தலை நிமிர்ந்தாள். எதிரே அவள் எழுதிய அட்டை. அதன் கீழே வரவேற்பில் உட்காரும் சுடர்விழி, வேலை பார்ப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டரில் பறந்தாலும் தேர்வுக்குள் முத்தியால்பேட்டை போய்ச் சேர முடியாது. அட்டை மட்டும் தடையாக இருந்தால் பரவாயில்லை. அந்தப் பாஸ்வேர்டை அவனிடம் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“ஒவ்வொரு எழுத்தா சொல்றேன். எல்லாம் சின்ன எழுத்து. ஈ... இசட்... எச்... ஐ... எல்...”

“ஊருக்குத்தான் உபதேசமாக்கா?” என்று முணுமுணுத்தாள் சுடர்விழி.

“அடிக்கிறது ஒண்ணுமே தெரியலியே” என்றான் எழிலரசன்.

“பாஸ்வேர்டு அடிச்சா திரையில தெரியாது. நீங்க அடிங்க. யூ... கே... கே... யூ. வி... ஈ... எல்... ஏ... ஐ...”

தட்டும் சத்தம் நின்றது.

“எழிலுக்கு வேலை” என்றான் மெதுவாக. “அப்புறம்?”

“கிடைக்கும்” என்றாள். பிறகு அதையும் எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

மில் மூடிய வாரம் வைத்த பாஸ்வேர்டு அது. அவன் எரிந்து விழுந்த நாளிலும், இருவரும் பேசாமல் இருந்த நாளிலும், சாமிக்கு விளக்கேற்றுவதுபோல் அதைத்தான் அடித்து வந்தாள். வாயால் சொன்னால் குத்திக்காட்டுவதாக நினைப்பானோ என்று பயந்து சொல்லாமலே இருந்துவிட்டாள்.

‘வூடு’ பச்சையானது.

“போனைத் தவிர வேற எதையும் சொருகாதீங்க, ஓட்டை அப்படியேதான் இருக்குது” என்றாள். அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

அதற்குப் பிறகு யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று அவளைக் கேட்டால் தெரியாது. அந்தப் பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பச்சையாக இருக்கும்வரை அவன் எழுதிக்கொண்டிருக்கிறான்.

மத்தியானம் கூப்பிட்டான். “திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க.”

அமுதவல்லி சுடர்விழியின் எதிரிலேயே அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய காவல்காரியானாள்.

“மொதல்ல அந்தப் பாஸ்வேர்டை மாத்துங்க. போன்ல சொன்னதை வெச்சுக்கக் கூடாது.”

“மாத்திட்டேன். அதுதான் பலிச்சிடுச்சே, இனிமே எதுக்கு?”

“புதுசா என்ன வெச்சீங்க? சாயங்காலம் கெர்னல் போட எனக்கு வேணும்.”

“போன்ல சொல்லக் கூடாதுன்னு நீதானே ரூல் போட்ட?” என்றான் எழிலரசன். “வூட்டுக்கு வா, சொல்றேன்.”