புள்ளைக்குக் குடு

கப்பல் துருவைத் தட்டுகிற பெண்களுக்கு முதலில் போவது காது. டாங்கிக்குள் இறங்கிப் பெயிண்ட் அடிக்கிற ஆண்களுக்கு மூச்சு. மால்சுன் அக்காவுக்குக் காது எப்போதோ போய்விட்டது. அவள் புருஷன் தோங்பிலுக்கு மூச்சு போய்க்கொண்டிருந்தது. குன்றுமேல் இருக்கிற ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு கிடந்தார். கிம்ச்சி போடுகிற குளிர்காலம் வரைக்கும் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு நாங்கள் ஒரு மீன்பிடிக் கப்பலின் வயிற்றடியில் உட்கார்ந்து மத்தியானச் சோறு தின்றுகொண்டிருந்தோம். மால்சுன் அக்கா, போக்நே, நான். பூசான் துறைமுகத்தில், யோங்தோ கப்பல் பட்டறையில் மிச்சமிருக்கிற சுத்தியல்காரிகளில், கப்பல் பக்கத்தில் கயிறு கட்டிவிட்ட ஒரே பலகையில் தொங்குகிறவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

"ஞாயித்துக்கிழமை அந்த மனுஷனுக்குப் பொறந்தநாள்டி" என்றாள் மால்சுன் அக்கா. காது கேட்காதவள் பேசுகிற பேச்சு, பட்டறை முழுக்கக் கேட்டது. "என்ன வாங்கிக் குடுக்கறதுன்னே தெரியல."

"சட்டை வாங்கு. பின்னாடி நம்பர் போட்ட சட்டை" என்றாள் போக்நே. "அவருக்குத்தான் பேஸ்பாலுன்னா உசிராச்சே."

"எங்க போட்டுக்குவாரு? ஆஸ்பத்திரி அங்கிய கழட்ட விடமாட்டேங்குறாளுங்க."

"அப்ப தொப்பி."

"வீடு பூராத் தொப்பிதான். ஒரு தொப்பில வெங்காயம் போட்டு வச்சிருக்கேன்."

"சரி, நம்ம ஆட்டக்காரங்க போடுற மாதிரி நல்ல ஷூ ஒண்ணு வாங்கு."

"அடி கூறுகெட்டவளே" என்றேன் நான். "புருஷனுக்கு யாராவது ஷூ வாங்கிக் குடுப்பாங்களா? அதப் போட்டுக்கிட்டு நம்மள விட்டு ஓடிப்போயிருவாங்க."

"அவரு எங்க ஓட? ஷூ இல்லாமலே..." போக்நே பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஆனால் மால்சுன் அக்கா அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உதடு பார்ப்பது எங்கள் தொழிலோடு வந்தது. சுத்தியல் இரும்பில் விழுகிறபோது வாயைத் திறந்து கத்தி யாருக்கு லாபம்? சத்தமில்லாமல் உதட்டை அசைத்தால் பக்கத்திலிருப்பவள் பிடித்துக்கொள்வாள். மேஸ்திரியைத் திட்டுவதும் அப்படித்தான், அவன் எதிரில் நிற்கும்போதே.

"மிச்சத்தையும் சொல்லுடி" என்றாள் மால்சுன் அக்கா. "ஷூ இல்லாமலேதான் போகப்போறாரு. அதுக்கு ஏன் சோத்த முழுங்காம வாயில வச்சிருக்க?" என்று சிரித்தாள். நெத்திலி வறுவலை எடுத்து போக்நேயின் சோற்றில் வைத்தாள்.

பிறகு அவளே சொன்னாள். "எனக்குத் தெரியும்டி அவருக்கு என்ன வேணும்னு. ஒரு பந்து வேணும்."

அந்தப் பந்துக் கதை எங்களுக்கும் தெரியும். தோங்பிலோடு ஒரு கோப்பை சோஜு குடித்த எவனுக்கும் தெரியும். இளவயதில் ஒரு நாள் சாஜிக் மைதானத்தில் அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு, மட்டையில் பட்டுத் தெறித்த பந்து ஒன்று வந்தது. பிடித்துவிட்டார். ஆயுளில் ஒரே தடவை. ஆனால் எங்கள் ஊர் மைதானத்தில் ஒரு வழக்கம். பெரியவர்கள் யார் பந்தைப் பிடித்தாலும், கூட்டம் மொத்தமும் "ஆ ஜுரா" என்று கத்தும். பூசான் பேச்சில், புள்ளைக்குக் குடு என்று அர்த்தம். பக்கத்தில் எந்தக் குழந்தை இருக்கிறதோ அதன் கையில் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கிறவரைக்கும் விடமாட்டார்கள். தோங்பில் கொடுத்தார். கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலைத்தான் சொல்லிச் சொல்லிக் கிழவனானார். கடைசியில் மட்டும் குரல் இறங்கிவிடும். "அப்புறம் ஒரு பந்துகூட என் பக்கம் வரல."

அந்த வருஷம்தான் மால்சுன் அக்காவின் வயிற்றில் தங்கியிருந்த ஒரே புள்ளையும் போயிற்று. பலகைக் கயிறு அறுந்து விழுந்தாள். ஒரு வாரம் படுத்துவிட்டு மறுபடி சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் பிறகு வயிற்றில் எதுவும் தங்கவில்லை.

"பந்துதானக்கா? விளையாட்டுச் சாமான் கடையில இருக்கே" என்றாள் போக்நே.

"கடைப் பந்து அடி வாங்காத பந்துடி. அத வச்சு அவரு என்ன பண்ணுவாரு?" மால்சுன் அக்கா சோற்றுப் பெட்டியை மூடினாள். "சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போறேன். உங்கள்ல யாரு வர்றீங்க?"

போக்நேக்கு மருமகள் வீட்டில் வேலை. நான் போனேன்.

பந்து எங்கே விழும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. புருஷன் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததில் அதுவாவது மனசில் நின்றிருந்தது. முதல் மூலைக்குப் பின்னால், வலைக்கு அப்புறம், நடுவரிசை. அங்கே போய் உட்கார்ந்தோம். சுற்றிலும் ஜனங்கள், குப்பைக்குக் கொடுக்கிற ஆரஞ்சுப் பையை ஊதித் தலையில் கட்டிக்கொண்டு பாட்டுப் பாடினார்கள். அவள் பாடவில்லை. கோழி வறுவலைத் தொடவில்லை. யார் ஜெயிக்கிறார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. மட்டைக்காரனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், பலகையில் தொங்குகிறபோது கயிற்று முடிச்சைப் பார்ப்பாளே, அப்படி.

"அக்கா, பந்து வரும்னு என்ன நிச்சயம்?"

"வரலன்னா நாளைக்குக் காலைல வெறுங்கையோட போவேன். இது வரைக்கும் அப்படித்தான போயிட்டிருக்கேன்."

பொழுது சாய்கிற நேரத்தில் வந்தது. மட்டையில் பட்ட சத்தம் அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனால் எனக்கு முன்னால் எழுந்துவிட்டாள். பந்து எங்களுக்குக் கீழ்ப் படியில் மோதி எகிறியது. ஒரு வாலிபன் கையுறையோடு பாய்ந்தான். அவனைத் தோளால் தள்ளிவிட்டு வெறுங்கையில் பிடித்தாள். வேறு பெண்ணாக இருந்தால் விரல் உடைந்திருக்கும். அந்தக் கைக்கு அது ஒன்றுமில்லை.

ஒரு நிமிஷம் எல்லோரும் கைதட்டினார்கள். கிழவி பிடித்துவிட்டாளே என்ற சந்தோஷம். நானும் தட்டினேன்.

பிறகு ஆரம்பித்தது. "ஆ ஜுரா! ஆ ஜுரா!"

எங்களுக்கு ரெண்டு வரிசை கீழே ஒரு அப்பன் தன் மகளைத் தூக்கிப் பிடித்தான். நாலைந்து வயசு இருக்கும். ஆரஞ்சுப் பையைக் கொண்டை மாதிரிக் கட்டியிருந்தாள். ரெண்டு கையையும் நீட்டினாள். கேமராக்காரன் அதைப் பிடித்துப் பெரிய திரையில் போட்டான். ஒரு பக்கம் குழந்தையின் கை, இன்னொரு பக்கம் மால்சுன் அக்காவின் முகம். கன்னத்து மடிப்பில் போகாமல் கிடக்கிற துரு வரைக்கும் தெரிந்தது.

நான் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். உதட்டை அசைத்தேன். "அக்கா. புள்ள நிக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். தலையைத் திருப்பிச் சுற்றிலும் ஒரு தடவை மைதானத்தைப் பார்த்தாள். காது போனவள்தான். ஆனால் ஒரு மைதானம் நிறைய வாய்கள் ஒரே மாதிரித் திறந்து மூடுகிறபோது, உதடு பார்த்துப் பிழைத்தவளுக்கு அதைவிடப் பெரிய எழுத்து வேண்டுமா?

பந்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். பையை எடுத்தாள். படியேறி நடந்தாள்.

கூட்டம் ஊளையிட்டது. எவனோ ஒருவன் என் முதுகில் காலி டம்ளரை எறிந்தான். பின்னால் அந்தக் குழந்தை அழுதது எனக்கு மிச்சமிருக்கிற ஒரு காதில் கேட்டது.

பஸ்ஸில் பாலம் தாண்டும்போது, "காலைல வாடி, சூப் தூக்கணும்" என்றாள். அவ்வளவுதான்.

காலையில் கடற்பாசி சூப்பை பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போனோம். பிறந்தநாளுக்கு அது இல்லாமல் எப்படி? வார்டில் ஆறு கட்டில், நடுவில் சுவரில் டிவி. நாங்கள் நுழைந்ததுமே பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். குவாக் என்று பெயர். டாக்சி ஓட்டுகிறவர், கால் உடைந்து வந்தவர், வாய் உடையவில்லை.

"வாங்க வாங்க, டிவி நட்சத்திரம்! என்ன அண்ணி, பச்சப்புள்ளகிட்டயா போட்டி? ஊரே கத்துது, நீங்க பாட்டுக்கு உள்ள சொருகிட்டுப் போறீங்க!"

எதிர்க் கட்டிலில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுதான் மோசமாக இருந்தது. மால்சுன் அக்கா பிளாஸ்கைத் திறக்கிற மும்முரத்தில் குவாக்கின் பக்கம் பார்க்கவில்லை.

தோங்பில் தலையணையிலிருந்து நிமிர்ந்தார். அவர் சத்தமாகப் பேசி ரொம்ப நாளாயிற்று. ஒரு வாக்கியத்துக்கு நாலு தடவை மூச்சு வாங்க வேண்டும்.

"அவளுக்குக் காது... கேக்காதுய்யா. கப்பல் தட்டுனவ. நீங்க கத்துனா... எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா... குடுத்திருப்பா. என் பொண்டாட்டி அவ."

குவாக்குக்குச் சங்கடமாகிவிட்டது. "அடடா, அது தெரியாதுண்ணே. நான் சும்மா கிண்டலுக்குச் சொன்னேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்று கும்பிட்டார். எதிர்க் கட்டில்காரர்கூட, "பாவம்" என்று சொன்னார்.

தோங்பில் படுத்துக்கொண்டார். பிறகு உதட்டை மட்டும் அசைத்தார். மூச்சு குறைந்த பிறகு அவளோடு அப்படித்தான் பேசுவார். சத்தம் அவரால் முடியாது, சத்தம் அவளுக்குத் தேவையில்லை. அந்த வார்டில் அவர்கள் பேசுவது ஒருத்தருக்கும் தெரியாது, என்னைத் தவிர. நான் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.

"நீ பாக்கல. அப்படித்தான?" என்றது அவர் உதடு.

கிண்ணத்தில் சூப்பை ஊற்றிக்கொண்டே அவளும் உதட்டாலேயே பதில் சொன்னாள். "பாத்தேன்."

"என்ன கத்துனாங்கன்னு?"

"பாத்தேன். புள்ளையையும் பாத்தேன்."

"அப்புறம் ஏன்டி?"

அவள் சட்டைக்குள்ளிருந்து பந்தை எடுத்தாள். கைக்குட்டையில் சுற்றியிருந்தது. ஒரு பக்கம் மட்டை பட்ட கறுப்புத் தடம், இன்னொரு பக்கம் படியில் உரசிய சிராய்ப்பு. போர்வையை லேசாகத் தூக்கி அவர் கையில் வைத்தாள்.

"உங்களுக்குப் பொறந்தநாளு" என்றாள் சத்தமில்லாமல். "நமக்குன்னு ஒரு புள்ள இல்ல. ஊரான் புள்ளைக்கு ஒரு தடவ குடுத்தாச்சு. இத நான் குடுக்கல."

அவர் வெகுநேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வந்திருந்தால் பரவாயில்லை, வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள். கோபம் வரவில்லை. கண் மட்டும் நனைந்தது. போர்வைக்குள் அவர் விரல்கள் பந்தின் தையலைத் தேடிப் பிடித்து, அதன் மேலேயே போய்ப் போய் வருவது மேலே தெரிந்தது. ஒரு நாள் முழுக்க அந்தத் தையலைப் பற்றிப் பேசக்கூடிய மனுஷன்.

"ஆமா, அந்தப் பந்து என்னாச்சு அண்ணே?" என்றார் குவாக். தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. பேச்சை நல்லபடியாக முடிக்கத்தான் கேட்டார்.

போர்வைக்குள் விரல்கள் நின்றன.

தோங்பில் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். குழாய் சீறியது. "வாசல்ல... ஒரு புள்ளைக்குக் குடுத்துட்டா. விஷயம்... தெரிஞ்சதும். அத டிவில... காட்டமாட்டான்ல."

"அதான பாத்தேன்!" என்று குவாக் தொடையைத் தட்டினார். "நம்ம ஊரு ஆளு குடுக்காம இருக்குமா!"

தோங்பில் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. டாங்கிக்குள் முகமூடி கொடுத்தார்கள் என்று கம்பெனிக்காரன் கையெழுத்துப் போடச் சொன்னபோதுகூடப் போடாதவர். அந்த நாலு துண்டு வாக்கியத்துக்குப் பிறகு நீலமாகிவிட்டார். நர்ஸ் வந்து குழாயின் காற்றைக் கூட்டினாள். அவள் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தபோது அவர் வெடுக்கென்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

சூப் அரைக் கிண்ணம் உள்ளே போயிற்று. மிச்சத்தின் மேல் எண்ணெய் படிந்தது.

சாயங்காலம் ஆட்டம் இருந்தது. கிளம்பலாம் என்றால் மால்சுன் அக்கா நகரவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஆட்டம் பார்ப்பதைப் பார்க்க வேண்டும் அவளுக்கு. அதற்காகத்தான் அத்தனையும். டிவிக்கு முதுகைக் காட்டி, அவர் முகத்துக்கு நேரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

குவாக் டிவியைப் போட்டுச் சத்தத்தை ஏற்றினார். தோங்பில் பார்த்தார். நடுவில் ஒரு தடவை, எறிந்தவனை மெச்சி உதட்டைப் பிதுக்கினார். அதைப் பார்த்து அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பார்த்தாயா என்கிற சிரிப்பு.

அப்புறம் எவனோ கோட்டுக்கு வெளியே ஒரு பந்தை அடித்தான். அது கூட்டத்துக்குள் போயிற்று.

"ஆ ஜுரா! ஆ ஜுரா!" டிவி கத்தியது. குவாக் கத்தினார். எதிர்க் கட்டில்காரர் கத்தினார். வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்தவள்கூட நின்று, துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு கத்தினாள். இதே கட்டிலில் கிடந்து, மூச்சில்லாவிட்டாலும் கையை ஆட்டியாவது அதில் சேர்ந்துகொள்வாராம் தோங்பில். நர்ஸ் சொல்லியிருக்கிறாள்.

அவர் கண்ணைத் திரையிலிருந்து எடுத்தார். மெதுவாக, குழாய் இழுபடாமல், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

மால்சுன் அக்காவுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. சிரிப்பு முகத்தில் பாதி அப்படியே இருந்தது. என் பக்கம் திரும்பினாள். அதற்குள் வாய்கள் மூடியிருந்தன, தூக்கின துடைப்பம் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

"என்னடி? எல்லாரும் என்னமோ கத்துன மாதிரி இருந்துச்சே?"

"நம்ம ஆளு ஹோம் ரன் அடிச்சிட்டான்" என்றேன் உதட்டை அசைத்து.

"அப்புறம் ஏன் இவரு திரும்பிக்கிட்டாரு?"

"தூக்கம் வருது போல."

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து போய், சுவிட்ச் எங்கே என்று தேடி, அவருக்குக் கண் கூசுமே என்று கட்டிலுக்கு மேலே எரிந்த விளக்கை அணைத்தாள்.