கிட்டப் போய் எடுங்க

முனீஸ்வரன் சூரியநெல்லியில் ஜீப் ஓட்டுகிறவன். கொளுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை விடியுமுன் ஏற்றிக்கொண்டு போய், எட்டு மணிவாக்கில் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடுவான். சில வருடங்களுக்கு முன்பு எறணாகுளத்திலிருந்து வந்த ஒருவர் தன் பழைய கேமராவை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்று பிடித்த பைத்தியம். அவன் எடுத்த பனிமூட்டப் படம் ஒன்று மூணாறில் நடந்த போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியதும், எஸ்டேட் லயத்து வீடுகளின் பிள்ளைகளும் மற்ற டிரைவர்களும் "அண்ணே, இது எப்படி இருக்கு?" என்று படங்களை அனுப்ப ஆரம்பித்தார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளாமல் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினான். நாற்பத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு படம் போடவேண்டும். சாயங்காலம் ஒவ்வொன்றுக்கும் அவன் குரல்பதிவில் கருத்துச் சொல்வான்.

நன்றாகவே சொல்வான். முதலில் பாராட்டிவிட்டுத்தான் குறைக்கு வருவான். யாரும் மனம் நொந்து குழுவை விட்டுப் போனதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

குழுவில் வயதில் மூத்தவள் குருவம்மாள். ஐம்பத்திரண்டு வயது, எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள். மகள் நிமி அடிமாலியில் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். புதுப் போன் வாங்கியபோது பழையதை அம்மாவுக்குக் கொடுத்திருந்தாள். குருவம்மாள் போடும் படங்கள் எல்லாமே தூரத்திலிருந்து எடுத்தவையாக இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காட்டுமாட்டின் படம் போட்டிருந்தாள். பச்சைச் சரிவின் உச்சியில் கறுப்பாக ஒரு புள்ளி.

முனீஸ்வரன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசினான்.

"குருவம்மாக்கா, பனிக்குள்ள மாடு நிக்கிறது நல்லாருக்கு. ஆனா எறும்பு கணக்கா தெரியுதுக்கா. முக்கால்வாசிப் படம் தேயிலைதான். ஜூம் பண்ணினா படம் உடைஞ்சு போகும். அடுத்த தடவை நாலு எட்டு கிட்டப் போய் எடுங்க. பயந்துகிட்டே எடுத்தா படம் நமக்குக் கெடைக்காது."

அவள் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை சென்னைக்காரர்கள் ஐந்து பேரை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினான். பக்கத்து ஜீப்பின் பானெட்டில் சாய்ந்துகொண்டிருந்த சுருளிவேல், "தெரியுமா சேதி?" என்றான். "ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டுல ஒரு பொம்பளைய மாடு முட்டிருச்சாம். போன்ல படம் எடுக்கக் கிட்டப் போயிருக்கு. இந்தப் போனை எவன் கண்டுபிடிச்சானோ."

"யாரு?"

"பேரு தெரியல. ஆம்புலன்ஸ் போனதை நான் பாத்தேன்."

முனீஸ்வரன் வண்டிக்குப் பின்னால் போய் நின்று குருவம்மாளுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டான். மூன்றாவது தடவை, நீங்கள் அழைத்தவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று மலையாளத்தில் ஒரு பெண் சொன்னாள்.

ஏழாம் நம்பர் காட்டில் முப்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். போன் வைத்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர். அப்படிச் சொல்லிக்கொண்டான். சென்னைக்காரர்களுக்கு அடுத்து ஆனையிறங்கல் அணைக்குப் போகவேண்டும். சட்னி சரியில்லை என்று பேசிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார்கள்.

வழியில் எதையும் அவன் பார்க்கவில்லை. வழக்கமாக நிறுத்தும் வளைவில் நிறுத்த மறந்தான். ஒரு பெண் நினைவுபடுத்தியபின் ஓரம்கட்டினான். "அண்ணா, எங்க அஞ்சு பேரையும் சேர்த்து ஒண்ணு எடுங்களேன்" என்று போனை நீட்டினார்கள். எடுத்தான். "அண்ணா, தலையை வெட்டிட்டீங்களே!" என்று சிரித்தார்கள். மறுபடி எடுத்தான். அவர்கள் தண்ணீரோரம் போனதும் தன் போனை எடுத்துக் குழுவைத் திறந்தான். தன் குரல்பதிவை மெதுவாக வைத்துக் கேட்டான். பயந்துகிட்டே எடுத்தா படம் நமக்குக் கெடைக்காது. எவ்வளவு தெம்பாகச் சொல்லியிருக்கிறான்! அந்தச் சரிவில் ஒதுங்க இடம் இருக்கிறதா, அந்த அம்மாளால் ஓட முடியுமா, ஒன்றையும் அவன் கேட்கவில்லை.

விரல் அந்தப் பதிவின்மேல் அழுந்தியது. எல்லோருக்கும் நீக்கவா என்று போன் கேட்டது. ஆமென்றான். பதிவு இருந்த இடத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று சாம்பல் எழுத்தில் ஒரு வரி நின்றது. அது போகவில்லை. அதைத் தொட்டுப் பார்த்தான், குழுவை மூடித் திறந்து பார்த்தான். அங்கேயே இருந்தது.

பதினோரு மணிக்குச் சுருளிவேல் கூப்பிட்டான். "குருவம்மாதானாம்டா. அடிமாலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்க. கால் போச்சுங்கிறான் ஒருத்தன், கொம்பு வயித்துல ஏறிருச்சுங்கிறான் இன்னொருத்தன்."

"சுருளி, என் ஆளுகளைக் கூட்டிட்டுப் போய் ஓட்டல்ல விட்ருடா. இங்க வா. உடனே வா."

அடிமாலிக்குப் போகும் வழியெல்லாம் அவன் பேசவேண்டியதைப் பேசிப் பார்த்துக்கொண்டே போனான். தெரியாமச் சொல்லிட்டேங்க்கா. நான் பொதுவாச் சொன்னேன், அந்த மாட்டுக்கிட்டப் போகச் சொல்லலை. ஒவ்வொன்றும் வாயிலிருந்து வெளியே வந்ததும் பொய்யாகப் பட்டது. லாரி ஒன்று வழிவிடாமல் போனபோது அடித்த ஹாரனை நிறுத்த அவனுக்கு நேரமானது.

பெண்கள் வார்டு வாசலில் நிமி நின்றிருந்தாள். கடையின் நீலப் புடவையோடு அப்படியே ஓடிவந்திருக்கிறாள்.

"நீங்கதான அந்த அட்மின்?"

"ஆமாங்க. அக்கா எப்படி…"

"உயிரோட இருக்காங்க. மாடு முட்டலை. அது ஒரு எட்டு முன்னால வச்சதும் அம்மா ஓடியிருக்காங்க, வடிகால்ல விழுந்து கால் எலும்பு ரெண்டா போச்சு. நாளைக்கு ஆபரேஷன்." அவள் குரல் ஏறியது. "ஆம்புலன்ஸ்ல வர்றப்போ, முனீசு கிட்டப் போகச் சொன்னானேன்னு கூட வந்தவங்ககிட்டச் சொன்னாங்களாம். அப்படி என்னதான் சொன்னாருன்னு அம்மா போன்ல குரூப்பைத் திறந்து பாத்தேன். நீக்கியாச்சு. எப்ப நீக்குனீங்க? அம்மா விழுந்தப்புறமா?"

ஆமென்று அவன் தலையை ஆட்டினான்.

"வெட்கமா இல்ல?"

"இருக்குங்க."

அவள் நகர்ந்து வழிவிட்டாள்.

குருவம்மாள் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். இடது காலில் தொடைவரை கட்டு. கன்னத்தில் தேயிலைக் குச்சி கீறிய கோடுகள். முனீஸ்வரனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"படுங்கக்கா. படுங்க." கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "என்னாலதான் இது. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"சொன்னதுக்கு நீ. போனதுக்கு நான். மாடுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருசமா அதுக கூடத்தான் கெடக்கேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அது கெடக்கட்டும். அதை எதுக்கு அழிச்ச?"

முனீஸ்வரன் கம்பியிலிருந்து கையை எடுத்தான்.

"ஞாயித்துக்கெழமையிலருந்து எத்தனை தடவை கேட்டுருப்பேன் தெரியுமா? அடுப்புல சோறு கொதிக்கையில கேப்பேன். எறும்பு கணக்கா இருக்குன்னு சொன்னதுக்கு நானும் சிரிச்சேன், பக்கத்து வீட்டுக்காரியையும் கேக்க வச்சேன். நான் செஞ்ச ஒண்ணைப் பாத்து, இப்படி நிறுத்தி நிதானமா ஒரு மனுசன் பேசி நான் கேட்டதில்லப்பா. சூப்பர்வைசர் எடையைச் சொல்லுவான், அவ்வளவுதான். ஆம்புலன்ஸ்ல வலிச்சப்போ அதைப் போடச் சொன்னேன். காணோம்."

நிமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முனீஸ்வரன் போனை வெளியே எடுத்தான். குழுவைத் திறந்து, அவர்கள் இருவரும் கேட்கவே பேசினான்.

"எல்லாருக்கும் வணக்கம். முனீஸ்வரன் பேசுறேன். ஞாயித்துக்கெழமை குருவம்மாக்கா படத்துக்கு, மாட்டுக்குக் கிட்டப் போய் எடுங்க, பயப்படாதீங்கன்னு நான் சொல்லியிருந்தேன். அக்கா போயிருக்காங்க. கால் ஒடைஞ்சிருக்கு. சேதி தெரிஞ்சதும் பயந்துபோய் அந்தப் பேச்சை அழிச்சேன். சொன்னதும் தப்பு, அழிச்சது அதைவிடத் தப்பு. இனிமே மிருகத்துக்குக் கிட்ட ஒருத்தரும் போகவேண்டாம். நான் சொன்னாலும் போகவேண்டாம்."

அனுப்பிவிட்டு நின்றான். ஒரு நிமிடத்துக்குள், இன்னார் குழுவிலிருந்து வெளியேறினார் என்று ஒரு வரி வந்தது. பிறகு இன்னும் இரண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் எண்கள். அப்பனோ அம்மாவோ பிடுங்கிப் பார்த்திருக்க வேண்டும். அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"சரி, அதை விடு" என்றாள் குருவம்மாள். "நிமி, என் போனைக் குடு. இன்னைக்கு மூணு படம் எடுத்தேன். என்னன்னு சொல்லு."

"இப்பவாக்கா?"

"நாளைக்கு மயக்க ஊசி போடுவாங்க. இப்பச் சொல்லு."

போனின் கண்ணாடி குறுக்காக விரிசல் விட்டிருந்தது. கடைசிப் படம் முழுக்க ஒரு பழுப்புக் கலங்கல். மாடா மண்ணா என்று தெரியவில்லை.

"இதுல ஒண்ணுமே இல்லக்கா."

"எனக்கும் தெரியும். முந்தினதப் பாரு."

முந்தையதும் அதே சரிவுதான், பாதி கலங்கல். அதற்கும் முந்தையதில் மாடே இல்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏழெட்டுப் பெண்கள் இடுப்பளவு தெரிந்தார்கள். எல்லோர் முகமும் ஒரே பக்கம் மேலே திரும்பியிருந்தது. கொழுந்து வெட்டும் கத்தரிகள் திறந்த வாயோடு கையில் அப்படியே நின்றன. படத்தின் இடது ஓரத்தில் யாருடைய கையோ முழங்கையிலிருந்து நீண்டு, வெட்டுப்பட்டு இருந்தது.

முனீஸ்வரன் வழக்கம்போல ஆரம்பிக்கப் போனான். ஒளி, கோணம் என்று நாக்கு தானாகப் புரண்டது. நிறுத்திக்கொண்டு கேட்டான்.

"இதை எதுக்குக்கா எடுத்தீங்க?"

இப்படி அவன் யாரையும் கேட்டதில்லை.

"மாட்டை எல்லாருந்தான் எடுக்காங்க. வர்றவன் போறவனெல்லாம் எடுக்கான். எங்களைப் பாரு. ஒரு நிமிசம் ஒரு சத்தம் இல்ல. கத்தரிச் சத்தம் நின்னா அந்தக் காடே வேற மாதிரி ஆயிரும். அதை எடுக்கணும்னு தோணுச்சு. எடுத்தப்புறந்தான் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு, மாட்டைப் பாத்து நடந்தேன்."

அவன் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். "அந்தச் சத்தம் நின்னது தெரியுதுக்கா. அந்தத் தெறந்த கத்தரிகளால தெரியுது. வலப்பக்கம் வானம் கொஞ்சம் கூடுதல். அந்த ஓரத்துக் கை இடிக்குது. ரெண்டையும் வெட்டிட்டா கண்ணு நேரா இவங்க முகத்துக்குப் போகும்."

"வானத்தை வெட்டிக்கோ. கையை வெட்டாத."

"ஏன்க்கா?"

"அது சந்தனமேரி கை. நான் போனைத் தூக்குனதும் மாட்டுக்கிட்டப் போகப்போறேன்னு நெனச்சு, போகாதக்கான்னு என் சேலையப் பிடிக்க நீட்டுனா. மத்தவளுக ஓடுறப்போ அவதான் வடிகால்ல எறங்கி என்னைத் தூக்குனா."

"சரிக்கா. இருக்கட்டும்" என்றான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முனீஸ்வரனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. குழுவில் ஒன்பது படங்கள் வந்திருந்தன. பேச்சுப் பொத்தானை அழுத்துவான், விடுவான். அருவிப் படத்துக்கு என்ன சொன்னாலும் யாரோ பாறையில் வழுக்கி விழுவதுபோலத் தோன்றியது. கடைசியில் ஒன்பது படத்துக்கும் 'நல்லாருக்கு' என்று எழுதிப் போட்டுவிட்டு டீக்கடைக்கும் ஜீப்புக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

போன் அடித்தது. குருவம்மாள்.

"ஏம்ப்பா, எல்லாத்துக்கும் நல்லாருக்குன்னு சொல்ல நீ எதுக்கு? அதை என் மாடத்துப் பல்லி சொல்லும்."

"பயமா இருக்குக்கா."

"பயம் இருக்கட்டும். நிமி நேத்துத்தான் குரூப்புல சேந்தா. அவ போட்ட படத்துல என் கட்டுப்போட்ட காலு மட்டுந்தான் தெரியுது, மொகத்தைக் காணோம். அதுவும் நல்லாருக்கா?"

அவன் ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். நிமியின் படத்தைத் திறந்தான். பொத்தானை அழுத்தினான்.

"நிமி, முனீஸ்வரன் பேசுறேன். கருத்துச் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். நீங்க எங்க நின்னு இதை எடுத்தீங்க?"